ஒரே நிரல், இரண்டு கணினிகள்: வர்க்கமூலத்தில் என்.ஏ.என். வருவது ஏன்?

கேள்வி: சங்கிலி அளவையர்

வணக்கம். நில அளவைக் கணக்குகளுக்காக சி++ மொழியில் நான் எழுதிய சிறிய நிரல் ஒன்று கணினிக்குக் கணினி வேறு விடை தருகிறது. கருவி அளந்து தரும் சாய்தூரத்தை ‘ச’ என்றும் உயர வேறுபாட்டை ‘உ’ என்றும் வைத்துக்கொண்டு, ச×ச − உ×உ என்பதன் வர்க்கமூலத்தைக் கிடைத்தூரமாக எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் ‘டபுள்’ வகை (64 பிட்டில் சேமிக்கப்படும் பின்ன) எண்கள், கோப்பிலிருந்து படிக்கப்படுபவை.

ஒரு சுரங்கக் குழியில் நேர் செங்குத்தாக 100 மீட்டர் இறக்கி அளந்த வரியில் ச, உ இரண்டுமே 0.1 கிலோமீட்டர். அங்கே கிடைத்தூரம் சுழியமாக வர வேண்டும். என் மேசைக் கணினியில் நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் ஜிசிசி கம்பைலரை, நிரலை வேகமாக்கச் சொல்லும் ‘-ஓ2’ கொடியை மட்டும் கொடுத்து இயக்கினால் சுழியமே வருகிறது. ‘-மார்ச்=நேட்டிவ்’ என்பதையும் சேர்த்தால் ‘எண் அல்ல’ என்று பொருள்படும் என்.ஏ.என். வருகிறது. ஆர்ம் என்ற வேறு வகைப் பிராசசர் கொண்ட நண்பரின் 64 பிட் கணினியிலோ அந்தக் கொடியைக் கொடுக்காமலேயே என்.ஏ.என். வருகிறது. அந்த ஒரு வரி கெட்டதும், அதைக் கூட்டிச் சேர்க்கும் மொத்தத் தூரமும் கெட்டுவிடுகிறது.

என்னைக் குழப்புகிற செய்திகள் இன்னும் இரண்டு உள்ளன. இரண்டு பெருக்கற்பலன்களையும் திரையில் அச்சிடும்படி ஒரு வரியைச் சேர்த்தால் பிழை மறைந்துவிடுகிறது. கிலோமீட்டருக்குப் பதிலாக மீட்டரில், அதாவது 100 என்று கொடுத்தாலும் பிழை வருவதில்லை. இது கம்பைலரின் பிழையா, என் பிழையா? ‘-ஃபாஸ்ட்-மேத்’ என்ற கொடியைச் சேர்த்துப் பார்க்கும்படி ஒருவர் சொன்னார். அது சரியா?

பதில் 1: மிதவைப்புள்ளி

நீங்கள் கூறியுள்ள அடையாளங்கள் எல்லாமே எஃப்.எம்.ஏ. எனப்படும் கட்டளையையே காட்டுகின்றன. பெருக்கல், கூட்டல் இரண்டையும் ஒரே கட்டளையில் முடித்து, இறுதியில் ஒரே ஒரு முறை மட்டும் விடையைச் சுருக்கும் (அருகிலுள்ள டபுளுக்கு மாற்றும்) கட்டளை அது. இன்டெல் பிராசசர்களில் 2013-இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையிலிருந்து அது இருக்கிறது. ஆனால் எக்ஸ்86 எனப்படும் இன்டெல் வகைப் பிராசசர்களின் 64 பிட் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பில் அது இல்லாததால், வெறும் ‘-ஓ2’ சொன்னால் கம்பைலர் அதைத் தொடாது; ‘இந்தக் கணினியில் உள்ள எல்லாவற்றையும் பயன்படுத்து’ என்று ‘-மார்ச்=நேட்டிவ்’ மூலம் நீங்கள் அனுமதித்த பிறகே தொடும். 64 பிட் ஆர்மில் அது அடிப்படைத் தொகுப்பிலேயே இருக்கிறது. உங்கள் நண்பரின் கணினியில் கொடி இல்லாமலேயே பிழை வந்தது அதனால்தான்.

இனி உங்கள் 0.1-ஐ எடுத்துக்கொள்வோம். இரும எண்முறையில் 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாது; டபுளில் சேமிக்கப்படும் மதிப்பு அதைவிட இம்மியளவு பெரியது. அந்த மதிப்பின் உண்மையான வர்க்கம், டபுளின் இலக்கங்களுக்கு உள்ள 53 பிட்டுக்குள் அடங்காததால், அருகிலுள்ள டபுளுக்குச் சுருக்கப்படும்போது சற்றே மேலே போய் 0.010000000000000002 என்று அச்சாகும் எண்ணாகிறது. வழக்கமான முறையில் இரண்டு பெருக்கல்களும் இதே போலச் சுருக்கப்படுவதால், சமமான இரண்டு எண்கள் கழிக்கப்பட்டுச் சுழியம் கிடைக்கிறது. எஃப்.எம்.ஏ. வந்தால் உ×உ மட்டும் தனியே கணக்கிடப்பட்டுச் சுருக்கப்படுகிறது. ச×ச சுருக்கப்படாமல், முழு நீளத்தோடு கழித்தலுக்குள் நுழைகிறது. சுருக்காத எண் சிறியது, சுருக்கிய எண் பெரியது. எனவே விடை சுழியம் அல்ல, ஏறத்தாழ −8.33×10⁻¹⁹. எதிர்ம எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டால் என்.ஏ.என். தவிர வேறெதுவும் வராது.

மீட்டரில் பிழை வராததற்குக் காரணமும் இதிலேயே உள்ளது. 100-இன் வர்க்கம் 10,000; அது டபுளில் மிச்சமின்றி அடங்கிவிடுவதால் சுருக்கவே வேண்டியதில்லை. பெருக்கற்பலனை அச்சிட வேண்டும் என்று நீங்கள் கேட்டதும் அந்தப் பலன் தனி மதிப்பாகத் தேவைப்படுகிறது; அதனால் ஜிசிசி அந்தப் பெருக்கலைக் கழித்தலோடு இணைக்காமல் விட்டுவிடுகிறது. நீங்கள் இரண்டையும் அச்சிட்டீர்கள். உ×உ-ஐ அச்சிடாமல் ச×ச-ஐ மட்டும் அச்சிட்டிருந்தால், கம்பைலர் மற்றப் பெருக்கலை இணைத்திருக்கக்கூடும். அப்போது விடை நேர்மமாக மாறி, வர்க்கமூலம் ஏறத்தாழ 9.1×10⁻¹⁰ என்று வந்திருக்கும்.

இது கம்பைலரின் பிழை அல்ல. ஒரே கோவைக்குள் இப்படி இணைத்துக்கொள்ள சி மொழியின் 1999-ஆம் ஆண்டுத் தரநிலையே இடம் தருகிறது. ஜிசிசி தன் வழக்கமான அமைப்பில் அதைவிடத் தாராளமாக, தனித்தனி வாக்கியங்களில் இருக்கும் பெருக்கலையும் கழித்தலையும்கூட இணைக்கும். ‘-எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப்’ என்று கொடுத்து நிறுத்திவிடலாம். கொடுத்த பிறகு உருவான கோப்பில் உள்ள இயந்திரக் கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் கருவியால் நிரலைப் பிரித்து, ‘விஎஃப்எம்’ என்று தொடங்கும் கட்டளைகள் மறைந்துவிட்டனவா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: கணக்கு வாத்தியார்

மேலே உள்ள விளக்கம் முழுவதும் சரி. மருந்தைப் பற்றி மட்டும் என் கருத்து வேறு. கொடியால் இணைப்பை நிறுத்தினால் நோயின் அடையாளம் மறையுமே தவிர, நோய் இருந்த இடத்திலேயே இருக்கும். கருவியின் அளவீட்டுப் பிழையால் ஒருநாள் ச-வைவிட உ ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வந்தால், எஃப்.எம்.ஏ. எதுவும் இல்லாத பழைய கணினியிலும் இதே என்.ஏ.என். வரும். உங்கள் சூத்திரம் அந்த இடத்தில் உடையக்கூடியது. பிராசசர் அதை முன்கூட்டியே காட்டிக்கொடுத்திருக்கிறது.

(ச − உ) × (ச + உ) என்று எழுதிப் பாருங்கள். கணிதத்தில் இரண்டும் ஒன்றே, கணினியில் இரண்டும் ஒன்றல்ல. ஒன்றுக்கொன்று நெருக்கமான இரண்டு டபுள் எண்களைக் கழிக்கும்போது, பெரியது சிறியதைப் போல் இரு மடங்குக்குள் இருந்தால், விடை சிறிதும் சுருக்கப்படாமல் துல்லியமாகவே கிடைக்கும். எனவே ச, உ சமமானால் விடை எந்தப் பிராசசரிலும் சுழியமே. பெருக்கலுக்குப் பிறகு கூட்டலோ கழித்தலோ இல்லாததால் இணைப்பதற்கும் அங்கே ஒன்றுமில்லை. முன்பு இரண்டு பெரிய வர்க்கங்களைச் சுருக்கிவிட்டு அவற்றைக் கழித்ததில் இழந்த இலக்கங்களும் திரும்பக் கிடைக்கின்றன. கழித்தல் எதிர்மமாக வந்தால் அதை அளவீட்டுப் பிழை என்று பயனருக்குச் சொல்லுங்கள். ஓசையின்றிச் சுழியமாக்கிவிடுவதை, அளவைக் கணக்கு என்பதால், நான் விரும்பமாட்டேன்.

‘-ஃபாஸ்ட்-மேத்’ வேண்டவே வேண்டாம். என்.ஏ.என். என்ற மதிப்பே வராது என்று கம்பைலருக்கு நீங்கள் வாக்குக் கொடுப்பதற்கு அது சமம். அந்த வாக்கை நம்பி, ‘விடை என்.ஏ.என்.-ஆ’ என்று நீங்கள் எழுதிவைத்திருக்கும் சோதனையையே கம்பைலர் நீக்கிவிடலாம். உள்ளதைவிட மோசமான நிலைக்கு அது கொண்டுபோய் விடும்.

எஃப்.எம்.ஏ.-வின் மேல் பழி விழுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு முறை சுருக்குவதைவிட ஒரு முறை சுருக்குவது பெரும்பாலான கணக்குகளில் துல்லியத்தைக் கூட்டவே செய்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுருக்கப்படும் என்ற சமச்சீரை நம்பி எழுதிய கோவைகளில் மட்டுமே அது இப்படிக் கெடுக்கிறது.

பதில் 3: பழைய பிராசசர்

இதே கதையின் முந்தைய பாகத்தை நான் பட்டு அறிந்திருக்கிறேன். 32 பிட் எக்ஸ்86 கணினிகளில் மிதவைப்புள்ளிக் கணக்குகள் (டபுள் போன்ற எண்களின் கணக்குகள்) பிராசசரின் எக்ஸ்87 என்ற பகுதியில் நடந்த காலம் அது. அதன் ரெஜிஸ்டர்கள் (கணக்கின்போது எண்களை வைக்கும் இடங்கள்) 80 பிட் அகலமானவை. நினைவகத்தில் டபுளாகச் சேமிக்கும்போது 64 பிட்டாகக் குறையும். ஒரே சார்பை ஒரே உள்ளீட்டோடு இரண்டு முறை அழைத்து, விடைகள் சமமா என்று என் நிரல் கேட்டது. ஒரு விடை ரெஜிஸ்டரிலேயே இருந்தது. மற்றது இடமில்லாமல் நினைவகத்துக்குப் போய்ச் சுருங்கித் திரும்பியது. ‘சமம் அல்ல’ என்றது கணினி. நானும் அச்சிடும் வரியைச் சேர்த்தேன், சமம் ஆகிவிட்டது. அச்சிடும் சார்பை அழைப்பதற்காக இரண்டு விடைகளுமே நினைவகத்துக்குப் போனதுதான் காரணம் என்று புரிய எனக்கு மூன்று நாள் ஆனது.

ஜிசிசியின் பிழைப் பட்டியலில் 323 என்ற எண்ணில் 2000-ஆம் ஆண்டு பதிவான புகார் இதைப் பற்றியதுதான். பின்னர் வந்த ஏராளமான புகார்கள் அதன் நகல்கள் என்றே சேர்க்கப்பட்டன. 64 பிட் எக்ஸ்86-இல் கம்பைலர்கள் எக்ஸ்87-க்குப் பதிலாக, டபுளை 64 பிட்டிலேயே கணக்கிடும் எஸ்எஸ்இ2 கட்டளைகளை இயல்பாகப் பயன்படுத்துவதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. இன்றும் 32 பிட்டுக்கு நிரலாக்குபவர்கள் ‘-எம்எஸ்எஸ்இ2’, ‘-எம்எஃப்பிமேத்=எஸ்எஸ்இ’ என்ற இரண்டையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘-மார்ச்=நேட்டிவ்’ கொடுத்து உருவாக்கிய கோப்பை அலுவலகத்தின் பழைய கணினிக்கு எடுத்துச் சென்றால், அந்தப் பிராசசருக்குத் தெரியாத கட்டளையில் இடித்துக்கொண்டு நிரல் நின்றுவிடும். பிறருக்குக் கொடுக்கும் கோப்புக்கு அந்தக் கொடியைப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: சங்கிலி அளவையர்

மூவருக்கும் மிக்க நன்றி. ஆப்ஜ்டம்ப் செய்து பார்த்தேன். வர்க்கமூலக் கட்டளைக்குச் சற்று மேலே ‘விஎஃப்எம்சப்’ என்று தொடங்கும் வரி இருந்தது. (ச − உ) × (ச + உ) என்று மாற்றியதும் இரண்டு கணினிகளிலும் சுழியம் வருகிறது. ச-வைவிட உ பெரிதாக உள்ள வரிகளை இப்போது நிரல் தனியாகப் பட்டியலிடுகிறது. பழைய கோப்பு ஒன்றில் அப்படி இரண்டு வரிகள் அகப்பட்டன, களக் குறிப்பேட்டோடு ஒப்பிட வேண்டும்.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. மற்ற வரிகளில் இரண்டு கணினிகளின் விடைகள் பதினாறாவது இலக்கத்தில் இன்னும் வேறுபடுகின்றன. நிரலின் வேறு பகுதிகளில் உள்ள கோவைகளால் அப்படி வருகிறது என்று நினைக்கிறேன். என் சோதனைக் கோப்பு இரண்டு வெளியீடுகளையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால் தோல்வி என்கிறது.

பதில் 4: கணக்கு வாத்தியார்

உங்கள் கருவி மில்லிமீட்டருக்குக் கீழே அளப்பதில்லை என்றால், ஒப்பிடும்போதும் அரை மில்லிமீட்டர் வரை வேறுபாட்டை அனுமதியுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாதீர்கள். சட்டத் தேவைக்காக எல்லாக் கணினிகளிலும் ஒரே இலக்கங்கள் வர வேண்டும் என்றால் மட்டும் மிதவைப்புள்ளி அவர்கள் சொன்ன கொடியை இரண்டு கணினிகளிலும் கொடுங்கள். சோதனையை மட்டும் ஆர்மிலும் எக்ஸ்86-இலும், ‘-ஓ0’ (வேகமாக்கல் இல்லாமல்), ‘-ஓ2’ இரண்டிலும் ஓட்டிப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.