கல்லான ஸ்காலப்புக்கு (விசிறி வடிவச் சிப்பி) பெயர் தேடியவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரி:
நம்ம மலையில் புதைபடிவச் சிப்பி கிடைக்குமா என்று மேலே ஒருவர் கேட்டிருந்தார். கிடைக்காது. நீலகிரி சார்னோகைட் பாறை, பூமிக்குள் ஆழத்தில் வெந்து உருவானது, வயது சுமார் 250 கோடி ஆண்டு, அப்போது உலகத்தில் சிப்பியே கிடையாது. என் கைக்கு வந்தது அரியலூர்ச் சரக்கு. சுண்ணாம்புச் சுரங்கப் பக்கம் வேலை பார்க்கும் அண்ணன் சீசனுக்கு வந்தபோது ஒரு மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு வந்தார். டைனோசர் காலத்தில் அங்கே கடல்.

பழைய டூத் பிரஷ்ஷால் மண்ணைத் தேய்க்கத் தேய்க்க ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தது. தடித்த வரிகள் ஐந்தாறு, அவற்றுக்கு நடுவே மெல்லிய வரிகள், ஒரு ஓடு நன்றாக உப்பி, மூடி மாதிரி இருந்த மற்ற ஓடு தட்டையாக. ஸ்காலப் வகையில் நெய்தியா என்கிற பேரினம். இரண்டு ஓடும் பிரியாமல் இருந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏனென்றால் தனித்தனியாகக் கிடைத்தால் ஒரே உயிர் என்று தோன்றவே தோன்றாது. இப்படி ஓட்டுக்கு ஒன்றாக ஒரே சிப்பிக்கு இரண்டு பெயர் விழுந்துவிட்டால் முந்தி வைத்த பெயர்தான் செல்லும். சிற்றினம் எது என்று பார்க்க அந்த மெல்லிய வரிகளை எண்ண வேண்டும். தென்னிந்திய கிரெட்டேசியஸ் (டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி) சிப்பிகளைப் பற்றிப் புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோலிச்கா 1871-ல் எழுதிய தொகுதியில் இருந்துதான் எல்லோரும் தொடங்குகிறார்கள்.

கொடைக்கானல்:
அருமை அக்கா. ஒரு சந்தேகம், பெயர் வைத்தவரின் பெயரைச் சில இடத்தில் அடைப்புக்குறிக்குள் போடுகிறார்களே, ஏன்?

குன்னூர்:
இதை நான் சொல்கிறேன். தம்பி அமெரிக்காவில் வர்ஜீனியாவில் இருக்கிறான், போன தடவை உள்ளங்கை அளவில் ஒரு ஸ்காலப் கொண்டுவந்தான், செசபெக்டன் ஜெபர்சோனியஸ். அந்த மாநிலத்தின் அடையாளப் புதைபடிவமே அதுதான். 1687-லேயே இங்கிலாந்து இயற்கையியலாளர் மார்ட்டின் லிஸ்டர் அதைப் படமாகப் போட்டுவிட்டார். ஆனால் அமெரிக்க இயற்கையியலாளர் தாமஸ் சே 1824-ல்தான் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜெபர்சன் நினைவாக இந்தப் பெயரை வைத்தார், அதுவும் பெக்டன் என்ற பேரினத்தில். 1975-ல் வார்டும் பிளாக்வெல்டரும் செசபெக்டன் என்று தனிப் பேரினம் உண்டாக்கி இதை அங்கே மாற்றினார்கள். பேரினம் மாறினால் முதலில் பெயர் வைத்தவர் அடைப்புக்குறிக்குள் போவார், (சே, 1824) என்று. அப்புறம், உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸ் 1758-ல் ஸ்காலப்புகளையே ஆஸ்ட்ரியா (Ostrea) என்ற பேரினத்தில், அதாவது ஆளிச் சிப்பியோடு சேர்த்துத்தான் வைத்திருந்தார்.

கோத்தகிரி:
சரியாகச் சொன்னீர்கள். வரியை மட்டும் எண்ணிப் பெயர் சொல்லாதீர்கள், காதைப் பாருங்கள். கீலுக்கு இரு பக்கமும் முக்கோணமாக நிற்குமே, அதுதான் காது. வலது ஓட்டின் முன்காதுக்குக் கீழே ஒரு வெட்டு இருக்கும், சிப்பி நூல் விட்டுப் பாறையைப் பிடித்துக்கொள்ளும் இடம். அந்த வெட்டு ஆழமா, மேலோட்டமா என்பதை வகைப்படுத்துகிறவர்கள் கட்டாயம் பார்ப்பார்கள். உடைவதும் முதலில் காதுதான். காது முழுசாக இருக்கிற சிப்பி யாரிடமாவது இருந்தால் இரண்டு பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள், எந்த ஊர், எந்தக் குழி, எந்த அடுக்கு என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.