அம்மாவுக்கு தூக்கம் வரல, சரியான தகவல் எங்க கிடைக்கும்?

அண்ணே அக்கா எல்லாருக்கும் வணக்கம், நாங்க மன்னார்குடி பக்கம். சம்பா அறுப்பு முடிஞ்சதுல இருந்தே அம்மாவுக்கு தூக்கம் சரியில்ல, ஒன்பது மணிக்கு படுத்தா ரெண்டு மணிக்கெல்லாம் முழிச்சு திண்ணையில உக்காந்துடறாங்க, கையில விசிறி, பக்கத்துல சொம்புல தண்ணி, விடியிற வரைக்கும் அப்படியேதான், இப்ப நாத்து பறிக்க குனிஞ்சா தலை சுத்துதுங்கறாங்க. வாரத்துல 3 ராத்திரியாவது, 3 மாசம் இப்படி இருந்தா நாள்பட்ட தூக்கமின்மைன்னு டாக்டருங்க சொல்றாங்க, அதெல்லாம் தாண்டியாச்சு.

சீட்டு இல்லாமயே மெடிக்கல்ல தூக்கம் வர வைக்கிற அல்பிரசோலம் மாத்திரை வாங்கிக் குடுன்னு சொந்தக்காரங்க நச்சரிக்கிறாங்க, எனக்கு சுத்தமா இஷ்டமில்ல, பழகிட்டா விடறது கஷ்டம், வயசானவங்க ராத்திரி எந்திரிச்சா தடுமாறி விழுந்துடவும் செய்வாங்க. இதுக்கு முதல் சிகிச்சையே சிபிடி-ஐதானாம், அதாவது தூக்கம் சம்பந்தமான பழக்கத்தையும் நினைப்பையும் மாத்துற மருந்தில்லாத பயிற்சி, தூக்கம் வராம பாயில புரளாம எந்திரிச்சு வந்துடறது, தினமும் ஒரே நேரத்துக்கு முழிக்கிறது இதெல்லாம் அதுல சொல்லித்தருவாங்க. தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கம் இத தமிழ்ல பொறுமையா சொல்லித்தர்ற டாக்டர் யாராச்சும் இருக்காங்களா? அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் 14416 டெலி மானஸ்ல தூக்கத்துக்காக பேசினவங்க இருந்தா என்ன சொன்னாங்கன்னு சொல்லுங்க. தைராய்டு, குறட்டை இதெல்லாம் முதல்ல பாக்கணுமா? வாட்ஸ்அப் ஃபார்வர்டு மட்டும் வேணாம் ப்ளீஸ், டாக்டர், நர்ஸ் யாராச்சும் இருந்தா கொஞ்சம் பதில் போடுங்க.