மிமிக், இமிடேட், எமுலேட்: எதை எங்கே போடுவது?

கேள்வி:
'மிமிக்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு அகராதியில் 'போலச் செய்' என்று இருக்கிறது. இமிடேட், எமுலேட் இரண்டுக்கும் கிட்டத்தட்ட அதே பொருள்தான் போட்டிருக்கிறார்கள். 'ஹி மிமிக்டு லைக் த டீச்சர்' சரியா? இறந்தகாலத்தில் எழுதும்போது நடுவில் 'கே' ஏன் வருகிறது?

பதில் 1:
முதலில் அந்த 'லைக்'கைத் தூக்கிவிடுங்கள். 'ஹி மிமிக்டு த டீச்சர்', அவ்வளவுதான். 'வாத்தியார் மாதிரி செய்தான்' என்று தமிழில் யோசிப்பதால்தான் 'லைக்' உள்ளே நுழைகிறது. ஆளுக்குப் பதில் குரலையோ நடையையோ சொல்லலாம்: 'ஷி மிமிக்டு ஹிஸ் வாய்ஸ்'.

இமிடேட் பொதுச்சொல், பெரியவர்களைப் பார்த்துக் குழந்தை செய்வதற்கெல்லாம் அதுவே போதும். மிமிக் என்றால் குரல், முகபாவம், நடை அப்படியே வர வேண்டும். ஆளைப் பற்றிச் சொன்னால் பெரும்பாலும் கிண்டல் கலந்திருக்கும். எமுலேட் என்பது ஒருவரை மதித்து, அவர் அளவுக்கு உயரப் பார்ப்பது. வேலைக்கான விண்ணப்பத்தில் 'ஐ வான்ட் டு எமுலேட் மை மென்டார்' என்று எழுதலாம். அங்கே மிமிக் போட்டால், குருநாதரை நக்கலடிக்கப் போகிறீர்கள் என்றாகிவிடும்!

பதில் 2:
'கே' உச்சரிப்புக்காக வருவது. ஆங்கிலத்தில் 'சி'க்குப் பின்னால் 'இ', 'ஐ' வந்தால் பொதுவாக 'ஸ' ஒலி ஆகிவிடும். 'க்' ஒலியைக் காப்பாற்ற 'ஈடி', 'ஐஎன்ஜி' சேர்க்கும்போது இடையில் 'கே' போடுகிறார்கள். பானிக், பிக்னிக், டிராஃபிக் எல்லாவற்றுக்கும் இதே கதை. 'மிமிக்ஸ்', 'மிமிக்ரி' இரண்டிலும் அந்தச் சிக்கல் இல்லை, 'கே'யும் இல்லை. பலர் தப்பு விடுவது 'மிமிக்ரி'யில்தான்.

பதில் 3:
கிண்டல் என்பது ஆட்களுக்கு மட்டும். ஒரு மருந்து உடலில் ஹார்மோன் மாதிரி வேலை செய்தால் 'த டிரக் மிமிக்ஸ் த ஹார்மோன்'. இங்கே ஏளனம் எதுவும் இல்லை. உயிரியலிலும் அப்படியே. காமன் மோர்மன் பட்டாம்பூச்சியின் பெண்களில் ஒரு வகை, பறவைகள் தின்னத் தயங்கும் காமன் ரோஸ் என்ற வேறொரு பட்டாம்பூச்சியைப் போலவே இருக்கும். இத்தகைய ஒப்புமையை 1862-ல் விளக்கியவர் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ்.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் கணினியில் 'எமுலேட்டர்' என்பதில் மரியாதை எங்கே இருக்கிறது?

பதில் 1:
இல்லை. அது கலைச்சொல். ஒரு கருவி இன்னொன்றாக நடந்துகொண்டு, அதற்கென எழுதிய மென்பொருளை ஓட்டுவது, அவ்வளவே.