ஸ்லீவ் ஆபரேஷன் ஆகி 14 மாதம், எடை 84 கிலோவில் நிற்கிறது. உதவி வேண்டும்

எனக்கு வயது 41, உயரம் 158 செ.மீ., ஊர் ஈரோடு. எடைக் குறைப்புக்கான ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துச் சிறிதாக்குவது) செய்தபோது 118 கிலோ. முதல் ஒன்பது மாதத்தில் 34 கிலோ இறங்கியது. அதற்குப் பிறகு ஐந்து மாதமாக முள் அசையவே இல்லை.

சர்க்கரை விஷயத்தில் குறையே இல்லை. மூன்று மாத சராசரி 8.9 இருந்தது, இப்போது மாத்திரை இல்லாமலே 5.7. பசியும் பெரிதாக இல்லை, ஒன்றரை இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. நூல் சுற்றிப் போட்ட மோதிரம்கூடக் கழன்று விழுகிறது, ஆனால் இடுப்புச் சதை அப்படியே இருக்கிறது.

தினமும் 60 கிராம் புரதம் (முட்டை, பயறு, மோர்), 45 நிமிட நடை, சர்க்கரை இல்லாத காபி. தைராய்டு நார்மல். பி12 குறைந்திருந்ததால் ஊசி போட்டுக்கொண்டேன். சாப்பாட்டை 800 கலோரிக்குக் குறைத்தும் பார்த்தேன். முடி கொட்டி, தலைசுற்றியதுதான் மிச்சம். விட்டுவிட்டேன்.

கொழுப்பு செல்கள் சுருங்குமே தவிர எண்ணிக்கை குறையாது, எடை குறையக் குறைய உடல் எரிக்கும் கலோரியும் குறையும், கூடவே தசையும் கரையும் என்று டாக்டர் சொன்னார். இது எனக்கு நன்றாகப் புரிகிறது. அடுத்து என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

ஸ்லீவ் செய்து இப்படி நின்றுபோனவர்களில், எடை தூக்கும் பயிற்சி ஆரம்பித்தபின் யாருக்காவது மறுபடி இறங்கியதா, எத்தனை மாதத்தில்?