மதிப்பீட்டுப் பணியை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் ஓர் உதவி

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம். ஈராசிரியர் பள்ளியொன்றில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளை ஒரே அறையில் கையாளும் இடைநிலை ஆசிரியை நான். 2022இல், தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தருவதற்கான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் கற்றல் நிலையறிந்து கற்பிக்கும் முறையை மனதார வரவேற்றேன்; இன்றும் அதில் எனக்குக் குறையில்லை. மதிப்பீடு நடக்கும் விதம்தான் கவலையளிக்கிறது.

வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பாடம் நடக்கும்போதே பிள்ளைகளின் கற்றலை அவ்வப்போது அறியும் மதிப்பீட்டுக்கு, என் கைப்பேசி ஒன்றை வைத்துக்கொண்டு, அதிலுள்ள செயலியில் விடையளிக்க ஒவ்வொரு பிள்ளையாக அழைக்க வேண்டியிருப்பதால், மற்றவர்களுக்கு அன்று பாடமே நடப்பதில்லை. சென்ற வாரம் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 'ம', 'ர', 'ம்' என்று விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் இணையம் துண்டிக்கப்பட்டது. செயலியை மீண்டும் திறந்தபோது அவள் படத்தைப் பார்த்தே சரியான விடையைத் தொட்டுவிட்டாள். பதிவில் அவள் வாசிக்கத் தெரிந்தவள். எனக்கோ, அவள் இன்னும் எழுத்துகளைச் சேர்க்கத் திணறுவது தெரியும். அந்தத் திணறலைக் குறித்துவைக்க அங்கே இடமில்லை.

பல வகுப்புகளை ஒருங்கே கையாள்வோர், மதிப்பீட்டு நாட்களில் மற்றப் பிள்ளைகளுக்கு என்ன பணி தருகிறீர்கள்? பிள்ளைவாரியாகத் தனிக் குறிப்பேடு பராமரிப்பவர்கள், அதில் எவற்றை எழுதுகிறீர்கள் என்று ஒரு பக்கத்தையேனும், பிள்ளையின் பெயரை மறைத்துப் படமெடுத்துப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும். அடுத்த வட்டார ஆய்வுக்கூட்டத்தில் இதை எழுத்து வடிவில் முன்வைக்க எண்ணியுள்ளேன். உங்கள் அனுபவங்களையும் சேர்த்துக்கொள்ள அனுமதி தாருங்கள்.