அம்மாவின் சக்கர நாற்காலியும் ஏறணும், ஏலகிரியும் ஏறணும்: எஸ்டேட் வண்டி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

காலடிப்பேட்டை வாசி

எல்லோருக்கும் வணக்கம். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கிறேன். வேலை மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் கிடங்கில். வீட்டில் நான், மனைவி, பதினொரு வயது மகள், அம்மா. இப்போது ஓட்டுவது ஒரு சின்ன ஹேட்ச்பேக்.

போன வருஷத்திலிருந்து அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் ஒத்துழைப்பதில்லை. மடக்கு சக்கர நாற்காலி இல்லாமல் எங்கேயும் கூட்டிப் போக முடியாது. அதை டிக்கியில் வைத்தால் வேறு ஒன்றும் வைக்க முடியவில்லை. மகள் வியாசர்பாடியில் ஃபுட்பால் பயிற்சிக்குப் போகிறாள், அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு வருகிறாள்.

கேட்டவர்கள் எல்லோரும் எஸ்யூவி எடு என்கிறார்கள். இரண்டு ஷோரூமுக்கு அம்மாவையே கூட்டிப் போனேன். காலைத் தூக்கி உள்ளே வைக்கவே முடியவில்லை. "சைடில் படி போட்டுக்கலாம் சார்" என்று விற்பனைக்கு நின்ற தம்பி சொன்னார். அம்மா ஒன்றும் சொல்லாமல் "வீட்டுக்குப் போலாம்டா" என்றார். செடானில் நன்றாக உட்காருகிறார். ஆனால் அதன் டிக்கி வாய் சின்னது, நாற்காலி உள்ளே போக மறுக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும். ஞாயிறு விடியற்காலை பழவேற்காடு ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினால்தான் அந்த வாரம் எனக்கு வாரமாக இருக்கும். வருஷத்துக்கு ஒரு முறையாவது ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவும் ஏறுவேன். அதை விட்டுவிட மனமில்லை.

அதனால் பழைய எஸ்டேட் தேடுகிறேன், அதாவது செடான் போலத் தாழ்வாக, கூரை பின்னால் வரை நீண்டு பெரிய பின் கதவோடு வரும் கார். இரண்டு கண்ணில் பட்டிருக்கின்றன. அண்ணா நகரில் ஒரு ஸ்கோடா ஆக்டேவியா காம்பி, 1.9 டீசல். ஆவடியில் ஒரு மாருதி பலேனோ ஆல்ட்டுரா. பழுது பார்க்கும் செலவையும் சேர்த்து நான்கு லட்சம் வரை போகலாம். சொந்தமாக வைத்து ஓட்டியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மாதவரம் பட்டறை

தம்பி, நான் 22 வருஷமாக பட்டறை வைத்திருக்கிறேன். மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இருபது வயசான வண்டியை வீட்டுக்கு ஒரே வண்டியாக வாங்காதீர்கள். அம்மாவுக்கு நடு ராத்திரி ஏதாவது ஒன்று என்றால் அன்றைக்குத்தான் அது ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். ஏர்பேக்கையும் யோசியுங்கள். உங்கள் வீட்டுப் பெண் குழந்தை அதில் உட்காரப் போகிறாள்.

அந்த நான்கு லட்சத்தில் பெரிய டிக்கி உள்ள ஹேட்ச்பேக், ஏழெட்டு வருஷத்துக்கு உட்பட்டது கிடைக்கும். எஸ்டேட் ஆசை இருந்தால் இரண்டாவது வண்டியாக வையுங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உப்புக்காற்று

காலடிப்பேட்டைத் தம்பிக்கு வணக்கம். நான் காசிமேடு. 2009இல் செகண்ட் ஹேண்டாக வாங்கிய ஆல்ட்டுராவை இன்றைக்கும் ஓட்டுகிறேன். மாதவரத்துக்காரர் சொன்னதை ஒதுக்காதீர்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என் அப்பா எண்பதுகளில் என்னைச் சோழவரத்துக்குக் கூட்டிப் போவார். உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. அதில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்தபிறகு சோழவரத்தை மறந்துவிட்டார்கள். அப்பா தோளில் உட்கார்ந்து ரேஸ் வீரர் கரிவரதன் ஓட்டியதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதனால் குடும்ப வண்டியில் ஓட்டும் சுகம் கேட்பதைத் தப்பு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1994இல் பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் வால்வோ தன் 850 எஸ்டேட்டையே இறக்கியது. அதே வருஷம் ஆடி, போர்ஷேயோடு சேர்ந்து ஆர்எஸ்2 அவான்ட் என்ற எஸ்டேட்டைக் கொண்டுவந்தது, 315 குதிரைத்திறன். சாமான் ஏற்றும் வண்டியும் வேகமாக ஓடலாம் என்று அன்றைக்கே காட்டிவிட்டார்கள்.

நம் ஊரில்தான் அது ஒட்டவில்லை. 1992இல் டாடா எஸ்டேட், 2004இல் இண்டிகோ மரீனா, கூடவே ஆல்ட்டுராவும் காம்பியும் என்று வந்தன, போயின. 2017இல் வந்த வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரி அருமையான வண்டி. ஆனால் விலையை விடுங்கள், கிட்டத்தட்ட 5 மீட்டர் நீளம். எங்கள் தெருவில் திருப்பவே முடியாது.

ஆல்ட்டுராவுக்கு வருகிறேன். 1,590 சிசி பெட்ரோல், 94 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் அது பெரிசில்லை. ஆனால் வண்டி கனம் குறைவு, பின்னாலும் இரண்டு சக்கரமும் தனித்தனி சஸ்பென்ஷனில் வேலை செய்கின்றன. வளைவில் திருப்பினால் உடம்பு சாய்வதற்கு முன்னே வண்டி திரும்பியிருக்கும். எடை தாழ்வாக இருப்பதால் வருகிற நிதானம் அது. உங்கள் அம்மாவுக்கும் அதே உயரம்தான் நல்லது. உயரமான வண்டியில் ஏற வேண்டும். இதில் சீட்டில் பக்கவாட்டாக உட்கார்ந்து காலை உள்ளே திருப்பிக்கொண்டால் போதும். என் மாமியார் கடைசி மூன்று வருஷமும் இந்த வண்டியில்தான் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். ஒரு நாளும் தூக்கி உட்கார வைக்க வேண்டியிருந்ததில்லை.

பின் கதவு பம்பர் வரைக்கும் திறக்கும், நாற்காலியைத் தூக்காமல் உருட்டிச் சாய்த்தே ஏற்றிவிடலாம். ஆனால் கட்டிவிடுங்கள். ஒரு முறை எர்ணாவூர் அருகே லாரி திடீரென நின்றது, நானும் அழுத்திப் பிரேக் போட்டேன். கட்டாமல் வைத்த நாற்காலி வந்து பின் சீட்டு முதுகில் மோதியது. சீட்டில் மாமியார் இருந்தார். அடி ஒன்றும் இல்லை, ஆனால் எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அடுத்த நாளே தரையில் நான்கு கொக்கி அடித்து பெல்ட் போட்டேன். செடானில் டிக்கி தனி அறை, எஸ்டேட்டில் சாமானும் மனிதர்களும் ஒரே அறை. இதை எப்போதும் நினைவில் வையுங்கள். மீன் வாங்கினாலும் அப்படித்தான், மூடிய தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு வையுங்கள். பின் கதவைத் திறந்தபடி நீளமான சாமான் ஏற்றிக்கொண்டு ஓட்டவே ஓட்டாதீர்கள், சைலன்சர் புகை சுழன்று உள்ளே வரும். பின் கண்ணாடியில் தூசி படிவதும் அந்தச் சுழற்சியால்தான். மணலி ரோட்டில் போகிறவருக்கு பின் வைப்பர் வேலை செய்கிறதா என்பது சின்ன விஷயமில்லை.

இனி முக்கியமானது. இஞ்சினைப் பார்த்து வாங்காதீர்கள், பாடியைப் பார்த்து வாங்குங்கள். இஞ்சின் பழுது பட்டறையில் முடியும். துரு முடியாது. நம் கரையோரத்தில் கடல் காற்றில் உப்பு இருக்கிறது. ஆவடி வண்டி என்பதால் எனக்கு ஒரு நம்பிக்கை, கடல் தூரம். ஆனால் இவற்றைத் தொட்டுப் பாருங்கள்: பின் கதவின் கீழ் விளிம்பு, நான்கு சக்கர வளைவுகளின் உள்பக்கம், கதவுக்குக் கீழே ஓடும் பாட்டம் சில், ஸ்டெப்னி குழி. விரலால் அழுத்தினால் நெளிகிற இடம் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அடியில் புதிதாகக் கறுப்பு கோட்டிங் அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். துருவின் மேல் அடித்த கோட்டிங் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும்.

நான் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் கழுவுவேன். கதவின் கீழே தண்ணீர் வடியும் ஓட்டைகளை ஈர்க்குச்சியால் குத்தி விடுவேன். பதினாறு வருஷத்துக்கு மேல் வைத்திருக்கிறேன், வேறு ரகசியம் இல்லை.

பாகங்கள்: இஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் பழைய பலேனோ செடானுடையதே, தேடினால் ஜி.பி. ரோட்டில் கிடைக்கும். பழைய பலேனோ என்று அழுத்திச் சொல்லுங்கள். 2015இல் அதே பெயரில் ஹேட்ச்பேக் வந்துவிட்டதால் கடைக்காரர் அதனுடையதை எடுத்துக் கொடுத்துவிடுவார், எனக்கு மூன்று முறை நடந்தது. பின் கதவு, பின் விளக்கு, பின் கண்ணாடி மூன்றும் ஆல்ட்டுராவுக்கு மட்டுமே உரியவை. அவை புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் கண்ணில் பட்டால் தேவை இல்லாவிட்டாலும் வாங்கி வீட்டில் வையுங்கள். என் கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடி பின் விளக்கு இருக்கிறது.

செலவுக் கணக்கு. 1,500 சிசியைத் தாண்டுவதால் 2022இல் நிர்ணயித்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே வருஷத்துக்கு 7,897 ரூபாய், அதற்கு மேல் வரி. 1,500க்குள் இருந்தால் 3,416தான். பதிவைப் புதுப்பிக்க, இருபது வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய். ஆர்சி புத்தகத்தில் எதுவரை புதுப்பித்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். அப்புறம் இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்கள் அதில் ஊறி விரிசல் விடும். வாங்கியவுடன் பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தியும் வைக்காதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

மாதவரத்துக்காரர் சொன்ன ஏர்பேக் விஷயம் உண்மை. என் வண்டியில் இல்லை, பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லை. அதனால்தான் நெடுஞ்சாலையில் நான் முன் வண்டிக்கு மற்றவர்கள் விடுவதைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுகிறேன். அது போதுமா என்று கேட்டால், ஏர்பேக்குக்கு அது ஈடாகாது. இதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

பெரம்பூர் அக்கா

நான் ஆக்டேவியா காம்பி டீசல் ஆறு வருஷம் வைத்திருந்தேன். 90 குதிரைத்திறன்தான், ஆனால் டர்போ பிடிக்கும்போது நான்கு பேரும் சாமானும் இருப்பதே தெரியாது. கொல்கத்தா நெடுஞ்சாலையில் நாயுடுபேட்டை வரை ஓட்டினால் களைப்பே இருக்காது. டிக்கி 548 லிட்டர், பின் சீட்டை மடக்கினால் 1,512. என் தம்பி கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் முழுவதும் அதில்தான் வந்தது. கதவு மூடும் சத்தமே தனி.

விற்றதற்குக் காரணம் பாகங்கள். ஒரு சின்ன சென்சாருக்கு ஐந்து வாரம் காத்திருந்தேன். அந்த ஐந்து வாரமும் அப்பாவை டயாலிசிஸுக்கு ஆட்டோவில் கூட்டிப் போனேன். உங்கள் வீட்டிலும் அம்மா இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

எதைப் பார்க்கப் போனாலும் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பாருங்கள். 2015, 2023 இரண்டிலும் நம் பக்கம் எத்தனை வண்டி மூழ்கியது என்று உங்களுக்கே தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். அதை யாரும் கழுவுவதில்லை. சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

காலடிப்பேட்டை வாசி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று சாயங்காலம் அண்ணா நகர் காம்பியைப் பார்த்தேன். ஓட்டிப் பார்த்ததில் கை நடுங்கும் அளவுக்குப் பிடித்துவிட்டது. அக்கா சொன்னபடி பின் சீட் பெல்ட்டை இழுத்தேன். கடைசி ஒரு சாண் முழுக்கக் காய்ந்த சேறு. விற்பவரிடம் காட்டினேன், அவரும் அப்போதுதான் பார்க்கிறார் போல. விட்டுவிட்டு வந்தேன்.

மாதவரம் அண்ணன் சொன்னதை வீட்டில் பேசினோம். சின்ன வண்டியை விற்பதில்லை என்று முடிவு. அவசரத்துக்கு அது இருக்கும், மகளைப் பயிற்சிக்கு மனைவி அதிலேயே கூட்டிப் போவார். எஸ்டேட் அம்மாவோடு கோயிலுக்கும் சொந்த ஊருக்கும், அப்புறம் என் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும். அம்மாவை முன் சீட்டில் வைத்து நிதானமாகத்தான் ஓட்டுவேன். வண்டி விற்ற பணம் வராது என்பதால் பட்ஜெட் இரண்டேகால் லட்சமாகக் குறைகிறது. ஆல்ட்டுராவுக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

ஆவடிக்காரரிடம் ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அம்மாவையும் நாற்காலியையும் கூட்டிப் போகிறேன், அவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்லட்டும். உப்புக்காற்று அண்ணா, பாடியைப் பார்க்க எனக்குக் கண் போதாது. நேரம் இருந்தால் கூட வர முடியுமா?

உப்புக்காற்று

வருகிறேன் தம்பி. காலை 6 மணிக்கு தேரடி மெட்ரோ வாசலில் நிற்கிறேன், என் வண்டியிலேயே போகலாம். அம்மாவுக்கு முன் சீட்டு. ஆவடி போய்ச் சேருவதற்குள் இந்த உயரம் அவருக்குச் சரிப்படுமா என்று தெரிந்துவிடும். டார்ச்சும் சின்னச் சுத்தியலும் நான் எடுத்து வருகிறேன். நீங்கள் பழைய பாய் ஒன்று கொண்டு வாருங்கள், அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.