கிளினிக் வாடகை: மெயின்டனன்ஸ் வருஷத்துக்கு எவ்வளவு ஏறும்? அவசரம்

பல்_டாக்டர்:
நாளை அக்ரிமென்ட் கையெழுத்து. வாடகை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 15% ஏறும், அது சரி. மெயின்டனன்ஸ் மட்டும் "ஆகிற செலவுப்படி" என்று போட்டிருக்கிறார்கள். இப்போது சதுர அடிக்கு மாதம் 14 ரூபாய். ஐந்து வருஷத்துக்கு எவ்வளவு போட்டு வைக்கலாம்? பேங்க் லோனுக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
எந்த ஊர்? எத்தனை சதுர அடி? 14 என்பது கார்ப்பெட் ஏரியாவுக்கா (சுவருக்குள் இருக்கும் தரை), சூப்பர் பில்டப்புக்கா (சுவர், படிக்கட்டு, லிப்ட் போன்ற பொது இடத்தின் பங்கும் சேர்த்தது)? ஜிஎஸ்டி சேர்த்தா?

டீக்கடை_பெஞ்ச்:
கண்ணை மூடிக்கொண்டு வருஷம் 10% போடுங்கள். ஐந்தாம் வருஷம் 20.50 வரும். எனக்கு இதுவரை கை கடித்ததில்லை.

பழைய_பில்டர்:
கையெழுத்துக்கு முதல் நாள் கேட்கிற கேள்வியா இது? ஒரே சதவீதம் போடுவது சோம்பேறிக் கணக்கு. பில்லைப் பிரித்துப் பாருங்கள் சார். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் சம்பளம்தான் பெரிய பங்கு. குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படியோடு ஏப்ரலில் ஏறும். காமன் கரண்ட் தனி: தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் 4.83%, 2025 ஜூலையில் 3.16% ஏறியது. லிப்ட் ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்), ஜெனரேட்டர் டீசல் தனி.

கணக்குப்பிள்ளை:
டாக்டர் என்றால் இன்னொன்று. சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு, அதனால் நீங்கள் கட்டும் 18%-ஐ திரும்ப எடுக்க முடியாது. உங்கள் 14 உண்மையில் 16.52.

டீக்கடை_பெஞ்ச்:
என் ஓனர் ஜிஎஸ்டியே கேட்டதில்லையே?

கணக்குப்பிள்ளை:
அவர் பதிவு செய்யாதவர், நீங்கள் பதிவு செய்தவர் என்றால் 2024 அக்டோபர் 10 முதல் வாடகைக்கான வரியை நீங்களே கட்ட வேண்டும்.

டீக்கடை_பெஞ்ச்:
நான் காம்போசிஷன் (சின்ன வியாபாரிகள் விற்பனையில் சிறு சதவீதம் மட்டும் ஜிஎஸ்டி கட்டும் திட்டம்) ஆயிற்றே!

கணக்குப்பிள்ளை:
அப்போது உங்களுக்கு விலக்கு உண்டு. முதலிலேயே சொல்லக்கூடாதா?

பழைய_பில்டர்:
கேட்டவர் பல் டாக்டர். நீங்கள் டீக்கடைக்கு வரி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

தையல்_மெஷின்:
எங்கள் காம்ப்ளெக்ஸில் மாடியில் இரண்டு கடை காலியானது. வாட்ச்மேன் சம்பளம் அதேதான், ஆனால் ஏழு பேர் கொடுத்ததை ஐந்து பேர் கொடுத்தோம். விலைவாசி ஏறாமலே பில் ஏறியது. கட்டடத்தின் மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும், காலி இடத்தின் பங்கு ஓனருடையது என்று எழுதி வாங்குங்கள். வருஷத்துக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்றும் கேளுங்கள், கரண்டைத் தவிர்த்தாவது.

பழைய_பில்டர்:
இது நல்ல பாயின்ட். மூன்று வருஷச் செலவுக் கணக்கையும் கேளுங்கள் சார்.

பல்_டாக்டர்:
சென்னை. 900 சதுர அடி, சூப்பர் பில்டப். கணக்கு கேட்டேன், ஒரு வருஷத்துத் தாள்தான் கையில் இருக்கிறதாம். இரண்டாம் மாடி முழுக்கக் காலி, இப்போதுதான் கவனித்தேன். கையெழுத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளியாச்சு. நன்றி.

தையல்_மெஷின்:
டாக்டர், திங்கள் போய் வியாழனும் வந்துவிட்டது. என்ன ஆச்சு?